யாருக்காக நின்ற குறட்டை

டல்லி என்கிற அந்த வாழைத்தோட்ட ஊரில் மழையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வெயில் அடித்தால்தான் பேசுவார்கள். ரென்ஸோ தன் மேலண்ணத்தில் ஊசி போட்டுக்கொள்ளப் போவதாகச் சொன்ன அன்றும் மழைதான். தகரக் கூரையில் அது போட்ட இரைச்சலில் ஒர்னெல்லாவுக்கு முதல் தடவை சரியாகக் காதில் விழவில்லை. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பினாள்.

"எங்க ஊசி?"

"வாய்க்குள்ள. மேல. உள்நாக்குக்குப் பக்கத்துல மெத்துனு ஒரு சதை இருக்காம். தூங்கும்போது அதுதான் காத்துல படபடன்னு அடிச்சுக்குதாம். அதுதான் குறட்டை. அதுல ஒரு மருந்த ஏத்தினா புண்ணாகி ஆறும். ஆறும்போது தழும்பு புடிச்சு விறைச்சுக்கும். அப்புறம் ஆடாது."

"யார் சொன்னா?"

"கெய்ன்ஸ்ல ஒரு டாக்டர். போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

ஒர்னெல்லா சிரித்துவிட்டாள். "இத்தன வருஷம் இல்லாம இப்ப என்ன திடீர்னு? கூரை பறந்துடும்னு பயந்துட்டியா?"

"வயசாக ஆக ஜாஸ்தியாகுமாம்." அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உன் தூக்கமும் கெடுதில்ல?"

அந்தக் கடைசி வார்த்தையை ஒர்னெல்லா எடுத்து வைத்துக்கொண்டாள். ரென்ஸோ ஸானெல்லா அப்படியெல்லாம் பேசுகிற ஆள் கிடையாது. கல்யாண நாளை மறப்பான். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பின்கட்டுக்குப் போய்ப் பழைய டிராக்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பான். அப்படிப்பட்டவன் வாயிலிருந்து உன் தூக்கம் என்று வருகிறது.

உண்மையில் அவள் தூக்கம் ஒரு நாளும் கெட்டதில்லை. கரும்பு ரயில் போகிற தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில் பிறந்தவள் அவள். அறுவடைக் காலத்தில் ராத்திரி முழுக்க வண்டிகள் கடகடத்துப் போகும், தொட்டிலில் கிடந்தே அதற்குப் பழகிவிட்டாள். கல்யாணமாகி வந்தபோது ரென்ஸோவின் குறட்டை அவளுக்கு ஊர் ஞாபகத்தைத்தான் தந்தது. ஏறி ஏறிப் போய், உச்சியில் ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிடும். நின்ற உடனே தூக்கத்திலேயே முழங்காலால் அவன் இடுப்பில் ஒரு இடி இடிப்பாள். ஒரு பெரிய செருமலோடு மறுபடியும் ஓட ஆரம்பிக்கும். காலையில் கேட்டால் இருவருக்குமே ஞாபகம் இருக்காது.

இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. எனக்காக வேண்டாம் என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

ரென்ஸோ வாழைக்காய் ஏற்றிப் போகிற பெரிய லாரி ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டல்லியில் ஏற்றினால் பிரிஸ்பேன் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு புதன்கிழமை திரும்புவான். வந்து குளித்து, சாப்பிட்டு, மத்தியானம் முழுக்கத் தூங்குவான். ஒர்னெல்லா பெனெட்டி தோட்டத்தின் வாழைக் கொட்டகையில் வேலை செய்தாள். கொக்கியில் தொங்கி வருகிற தாரிலிருந்து சீப்புகளை அறுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுவது, மிதந்து வருவதை எடுத்து அடிபட்டதைக் கழிப்பது, மீதியைப் பெட்டியில் அடுக்குவது. வாழைக்கறை ஏறி அவள் விரல் நுனிகள் எப்போதும் கறுத்தே இருக்கும். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பிள்ளைகள் இருவரும் தெற்கே போய்விட்டார்கள். தூண்களின் மேல் நிற்கிற அந்த மரவீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

கெய்ன்ஸ் டாக்டர் அவனை உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி படுக்க வைத்துப் பார்த்தார். தூக்கத்தில் மூச்சு அங்கங்கே நிற்கிறது, கொஞ்சம்தான், பயப்பட ஒன்றுமில்லை, காற்றை ஊதுகிற ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு தூங்கினால் நல்லது என்றார்.

"யானைத் தும்பிக்கை மாதிரி ஒண்ணு. அத மாட்டிக்கிட்டு எவன் படுப்பான்?" என்றான் ரென்ஸோ. "ஊசியே போதும்னுட்டேன்."

முதல் ஊசி போட்டுவிட்டு வந்தபோது உள்நாக்கு வீங்கிக் கட்டைவிரல் தடிமனுக்கு இருந்தது. வாய் நிறைய எதையோ அதக்கிக்கொண்டவன் மாதிரி பேசினான். எச்சில் விழுங்க முடியாமல் ஒரு பேசினில் துப்பிக்கொண்டே இருந்தான். ஒர்னெல்லா அதை எடுத்துக் கொட்டினாள், கழுவி மறுபடியும் பக்கத்தில் வைத்தாள். கொட்டகைக்குக் கிளம்புவதற்கு முன்பே எழுந்து ஒரு கோழியைக் கேரட்டும் செலரித் தண்டும் போட்டுக் கொதிக்க வைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றில் அரிசி அளவுக்குப் பொடிப் பாஸ்தாவைக் குழைய வேகவிட்டு, ஆறவைத்து மூடி வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் பொலென்டா. சோளமாவைக் கைவலிக்கக் கிளறி, கெட்டியாகாமல் கூழாகவே இறக்கி, வெண்ணெயைப் போட்டு நடுவில் குழி பறித்துக் கொடுப்பாள். சூடாக இருந்தால் அவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் விடுவான். ஊதி ஊதி ஆற்றுவாள்.

"சின்னப் புள்ளைக்குக் கூட நான் இப்படி ஊட்டினதில்ல" என்று கொட்டகையில் சொன்னாள்.

பக்கத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த டாஃப்னி தலையை ஆட்டினாள். டாஃப்னியின் முன்னோரைக் கரும்பு வெட்டத் தூரத்துத் தீவுகளிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். அந்தக் கொட்டகையில் அவளுக்குத் தெரியாத குடும்பக் கதை கிடையாது. அவள் மருமகன்தான் லாரிக்குப் பெட்டி ஏற்றுகிறவன். ஒர்னெல்லாவும் அவளும் ஒரே மேசையில் நின்று வேலை செய்து இருவர் முடியும் சேர்ந்தே நரைத்திருந்தது.

"எனக்காகத்தான் டாஃப்னி. நம்பவே முடியல. நான் கேக்கவே இல்ல."

"நீ கேக்கலையா?"

"சத்தியமா. அவனே போய் டாக்டரப் பாத்து, எல்லாம் பேசி முடிச்சுட்டு வந்து சொல்றான்."

டாஃப்னி பெட்டிக்கு டேப் ஒட்டுகிற கருவியை எடுத்து, ஏற்கெனவே ஒட்டிய பெட்டியின் மேலேயே இன்னொரு முறை இழுத்தாள். "நல்லதுதான்" என்றாள்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு சத்தம் குறைய ஆரம்பித்தது. முதலில் இடி மாதிரி இருந்தது அறைக்குள்ளேயே அடங்குகிற உறுமலாயிற்று. பிறகு பக்கத்து அறையில் யாரோ பெட்டியை நகர்த்துவது போலக் கேட்டது. ஒரு புதன்கிழமை கொட்டகையிலிருந்து வந்து வீட்டுப் படி ஏறினால் ஒன்றுமே கேட்கவில்லை. வெளியே மழை மட்டும். அவன் வாயைத் திறந்துகொண்டு சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தான். ஒர்னெல்லா கதவருகே நின்று பார்த்தாள். அவன் அப்பா செத்துக் கிடந்தபோது இப்படித்தான் இருந்தார் என்று ஏனோ தோன்றியது. சீ என்று தலையை உதறிக்கொண்டாள்.

சனிக்கிழமை கடைத்தெருவுக்குப் போய் நீலப் பூப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்று வாங்கினாள். தலையணை உறைகளும் அதே பூவில். அதையும் டாஃப்னியிடம் சொன்னாள். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

ரென்ஸோ விரிப்பைப் பார்த்தான். "நல்லாருக்கு" என்றான். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தொண்டை வலிக்கிறதாக்கும் என்று ஒர்னெல்லா நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது ஊசிக்கு நாள் குறித்திருந்த வாரம் தெற்கே ஆறு பெருகிச் சாலையை மூடிவிட்டார்கள். லாரி ஓடவில்லை. வடக்கே கெய்ன்ஸ் சாலை மட்டும் திறந்திருந்தது.

"நானும் வரேன்" என்றாள் ஒர்னெல்லா. "போன தடவையே ஒத்தைல ஓட்டிட்டு வந்து வாசல்ல சாஞ்சு நின்ன."

"வேணாம். நீ எதுக்கு? வேலைய விட்டுட்டு..."

"கொட்டகைல தார் வந்தாத்தான வேலை? தோட்டமே தண்ணில நிக்குது."

"மழைல வந்து என்ன பண்ணப்போற?"

"உன்ன உக்காரவச்சு ஓட்டிட்டு வரப்போறேன். போய் சட்டைய மாத்து."

வழியெல்லாம் அவன் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தான். இன்னிஸ்ஃபெயில் தாண்டியதும் கரும்புக் காடு இரண்டு பக்கமும் தலைசாய்ந்து கிடந்தது. பயப்படுகிறான் என்று நினைத்து ஒர்னெல்லா பழைய கதைகளை எடுத்துவிட்டாள். அவன் ஒன்றுக்கும் சிரிக்கவில்லை.

டாக்டர் ஹாலோரன் சின்ன உருவம், பெரிய சிரிப்பு. நர்ஸ் ரென்ஸோவை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, மரத்துப்போகும் மருந்தை அடித்துவிட்டுப் போயிருந்தாள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒர்னெல்லாவைப் பார்த்ததும் டாக்டர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

"ஓ, நீங்கதானா அது! உங்களப் பத்திப் பேசாம இவர் இங்க உக்காந்ததே இல்ல. எப்படிம்மா, இப்பவாவது தூங்க முடியுதா?"

"தூங்கறேன் டாக்டர்."

"சலவைக்கூடத்துல போய்ப் படுக்கறது நின்னுச்சா?"

ஒர்னெல்லாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. "எது?"

"அதான், துணி மடிக்கிற மேசை மேல ஏறிப் படுத்துக்குவீங்களாமே, பாவம். விடியறதுக்கு முன்னாடி எழுந்து மோட்டல் விரிப்பெல்லாம் துவைக்கிறவங்க. தூக்கக் கலக்கத்துல இஸ்திரி உருளைல கைய விட்டுட்டா என்ன ஆகும்னு இவர் ரொம்பப் பயந்துட்டார். முகமூடி வேணாம், அதோட சத்தமும் அவளுக்கு ஆகாதுன்னு ஒத்தக் கால்ல நின்னார். முப்பது வருஷமா டாக்டரா இருக்கேன். தனக்காக வர்றவன்தான் ஜாஸ்தி. பொண்டாட்டி தூக்கத்துக்காக வந்த ஆள் இவர் ஒருத்தர்தான்."

ஒர்னெல்லா தன் கைகளைப் பார்த்தாள். வாழைக்கறை படிந்த விரல்கள். பிறகு ரென்ஸோவைப் பார்த்தாள். வாயைப் பிளந்தபடி அண்ணாந்து கிடந்தான். நாக்கு மரத்துவிட்டிருந்தது. தொண்டைக்குள் ஏதோ ஒரு சத்தம் எழுந்து அப்படியே அடங்கியது. கண் விட்டத்தைவிட்டு அசையவில்லை.

நான் இல்லை டாக்டர், அது வேறொருத்தி என்று அவள் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கதவருகே நர்ஸ் நின்றாள், டாக்டர் அவ்வளவு நம்பிக்கையோடு சிரித்துக்கொண்டு நின்றார். திருடியது தான்தான் போல ஒர்னெல்லாவுக்கு முகம் எரிந்தது.

"நின்னுடுச்சு டாக்டர்" என்றாள். "இப்ப பரவால்ல."

நீளமான ஊசி. டாக்டர் நாக்கை ஒரு கரண்டியால் அழுத்திக்கொண்டு மேலண்ணத்தின் நடுவில் இறக்கினார். சதை கொப்புளமாக உப்பி வெளுத்தது. ரென்ஸோவின் கால்கள் விறைத்தன. கொஞ்ச நேரத்துக்கு முன்பாயிருந்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

"ஒரு விஷயம்" என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே. அவளிடம்தான் சொன்னார். "இவருக்குத் தெரியும், உங்களுக்கும் சொல்லிடறேன். இந்த ஊசி சத்தத்துக்குத்தான். மூச்சு நிக்கறதும் சரியாயிடும்னு நினைச்சுடாதீங்க. முன்னாடி சத்தம் நின்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இனிமே அது தெரியாது. அப்பப்ப நெஞ்சப் பாத்துக்குங்க. அசையலன்னா ஒருக்களிச்சுத் திருப்பி விடுங்க. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் ஒயர் மாட்டிப் பாக்கணும். லாரி ஓட்டறவர், கட்டாயம் கூட்டிட்டு வாங்க. பொண்டாட்டி பக்கத்துல இருக்கறதுதான் இதுக்கு நல்ல மருந்து."

"சரிங்க டாக்டர்" என்றாள் ஒர்னெல்லா.

காரில் ஏறி, ஊரைத் தாண்டி, கரும்புக் காட்டுக்குள் சாலை நுழைகிற இடம்வரை ஓட்டி வந்தாள். மழை கண்ணாடியில் வாளி வாளியாக அடித்தது. ரென்ஸோ துண்டை வாயில் பொத்திக்கொண்டிருந்தான்.

"யாரு?"

அவன் என்னவோ சொன்னான். வார்த்தையாக வரவில்லை.

"பேசாத. தலைய மட்டும் ஆட்டு. ராக்ஹாம்ப்டனா?"

பாதி வழி ஊர் அது. லாரிக்காரர்கள் இளைப்பாறுகிற இடம். அவன் தலையாட்டினான்.

"சலவைக்கூடம் வச்சிருக்கா."

ஆட்டினான்.

"எனக்குத் தெரிஞ்சவளா?"

இல்லை.

"ரொம்ப நாளாவா?"

அவன் துண்டை எடுத்துவிட்டு மறுபடியும் ஏதோ சொல்லப் பார்த்தான். உதட்டோரம் ரத்தமும் எச்சிலும் வழிந்தது.

"கேட்டதுக்குத் தலைய ஆட்டுன்னு சொன்னேன்."

ஆட்டினான்.

எதிரே ஒரு லாரி தண்ணீரைச் சுவராக எழுப்பிக்கொண்டு போனது. சாலையே தெரியவில்லை. ஒர்னெல்லா வேகத்தைக் குறைத்து ஓட்டினாள். கேட்க வேண்டியது இன்னும் ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்காமலே வீடு போய்ச் சேர்ந்துவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

"ஊசியெல்லாம் அவளுக்காகத்தானா?"

ரென்ஸோவின் தலை அசையவில்லை.

"இத்தன வருஷம் நான் பக்கத்துல படுத்திருந்தேன். ஒரு நாள் மூஞ்சி சுளிச்சிருப்பேனா? எனக்குன்னு நினைச்சு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே ரென்ஸோ. உன் எச்சில அள்ளிக் கொட்டினேனே. ஆட்டு. தலைய ஆட்டு."

ஆட்டினான்.

பபிந்தா வந்ததும் அவன் தொண்டையைத் தொட்டு, கடைப்பக்கம் கையைக் காட்டினான். ஊசி போட்ட அன்று ஐஸ் சப்பிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வீக்கம் மூச்சை அடைக்கும். அவள் வண்டியை நிறுத்தினாள், மழையில் இறங்கி ஓடி ஒரு பை ஐஸ் வாங்கி வந்து அவன் மடியில் வைத்தாள். மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்பதே உறைத்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

தோட்டத்தில் தண்ணீர் வடிந்து மறுபடியும் தார் வர ஆரம்பித்ததும் ஒர்னெல்லா கொட்டகைக்குப் போனாள். டாஃப்னி அவள் முகத்தைப் பார்த்ததுமே கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"தெரிஞ்சுபோச்சா?"

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"ஏத்துற பசங்களுக்கெல்லாம் தெரியும்டி. லாரி ராத்திரில எங்க நிக்குதுன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"விரிப்பு வாங்கினேன்னு உன்கிட்ட சொன்னேன்."

"சொன்ன."

"என்ன கலர்னு கேட்ட நீ."

டாஃப்னி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்படிச் சொல்லச் சொல்ற? அவ்வளவு சந்தோஷமா இருந்த. எத்தனையோ வருஷமா உன்ன அப்படிப் பாத்ததில்ல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

"நீங்கல்லாம் சேந்து என்னைய வேடிக்கை பாத்திருக்கீங்க."

"வேடிக்கை இல்ல ஒர்னெல்லா."

"வேற என்ன பேரு அதுக்கு?"

அன்றைக்கு ஒர்னெல்லா மேசையை விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டாள். புதிதாக வந்த பெண்கள் நிற்கிற இடம் அது. நாள் முழுக்க முழங்கைவரை ஈரம். யாரும் எதுவும் கேட்கவில்லை. ரென்ஸோ செய்ததைவிட இதுதான் ஒரு விதத்தில் அதிகமாக வலித்தது. அவன் ஒருத்தன் பொய் சொன்னான். இங்கே ஒரு கொட்டகையே அவள் பேசுவதற்குத் தலையாட்டியிருக்கிறது.

தெற்குச் சாலை திறக்கும்வரை ரென்ஸோ வீட்டில்தான் கிடந்தான். வராந்தா அறைக்கு ஒரு ஒற்றைக் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டான். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஆனால் பேசவில்லை. ஒர்னெல்லா சாறு வடித்தாள், பொலென்டா கிளறினாள். தட்டை நாற்காலியில் வைத்துவிட்டுப் போவாள். ஊதி ஆற்றுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

ஒரு மத்தியானம் துவைத்த துணியை வராந்தாவில் காயப்போடப் போனாள். அவன் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். சத்தமே இல்லை. அவள் ஒரு சட்டையை உதறினாள், அடுத்ததை எடுத்தாள், சும்மா திரும்பிப் பார்த்தாள். அவன் நெஞ்சு அசையவில்லை. வாய் திறந்திருந்தது. உதட்டில் லேசாக ஒரு நீலம். ஈரச் சட்டையைப் பிடித்தபடியே நின்றாள். அசையவில்லை. அவள் கையும் அசையவில்லை. இப்படியே நின்றால் என்ன என்று ஒரு நினைப்பு குளிர்ந்த தண்ணீராக உள்ளே இறங்கியது. அந்த நினைப்புக்குப் பயந்துதான் காலைத் தூக்கிக் கட்டிலை ஒரு உதை விட்டாள். ரென்ஸோ முழுசாகக் காற்றை இழுத்து, புரண்டு, மறுபடியும் தூங்கிப்போனான். ஒர்னெல்லா சமையலறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். ஈரச் சட்டை இன்னும் கையிலேயே இருந்தது.

சாலை திறந்த ஞாயிற்றுக்கிழமை காலை ரென்ஸோ ரொட்டியை முறுகலாக வாட்டி, ஓரத்தையும் விடாமல் கடித்துத் தின்றான். புண் ஆறிவிட்டது என்று அதிலிருந்து அவளுக்குத் தெரிந்தது. மத்தியானம் லாரி எடுக்கக் கிளம்பினான். படியில் நின்று, "வரேன்" என்றான். புதன்கிழமை வரவில்லை. அடுத்த புதனும் வரவில்லை. லாரி மட்டும் பெட்டி ஏற்ற வந்து போயிற்று என்று யாரோ சொன்னார்கள்.

மழைக்காலத்தின் கடைசியில், பொழுது சாயப்போகிற நேரத்தில், ஒரு வெள்ளை வேன் வீட்டு வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து நின்றது. பக்கவாட்டில் சலவைக்கூடத்தின் பெயர் எழுதியிருந்தது. ஓட்டி வந்தவள் இறங்கி, தலையில் ஒரு பையைக் கவிழ்த்துக்கொண்டு படியேறி வந்தாள். வேனுக்குள் இன்னொரு ஆள் குனிந்து உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

ஒர்னெல்லா மனசுக்குள் அத்தனை நாளாக ஒருத்தியை உருவாக்கி வைத்திருந்தாள். இளசாக, நகத்துக்குச் சாயம் பூசியவளாக. வந்தவளுக்குத் தன்னைவிட ஒன்றிரண்டு வயது கூடவே இருக்கும் போலிருந்தது. வெந்நீரிலும் சோப்பிலும் ஊறிச் சிவந்து தோலுரிந்த கைகள்.

"நான் லினெட்."

"தெரியுது."

"அவர் வண்டில இருக்கார். வரமாட்டேன்னுட்டார். துணியும் டூல் பெட்டியும் மட்டும் வாங்கிட்டுப் போயிடறேன். உங்க அண்ணன் ஏதும் சத்தம் போட மாட்டாரே?"

"யார் அண்ணன்?"

"இது உங்க அண்ணன் வீடுதானே? அவரோட மிச்சச் சாமானெல்லாம் இங்க கிடக்குன்னு சொன்னார்."

"எனக்கு அண்ணனே கிடையாது" என்றாள் ஒர்னெல்லா. "உள்ள வாங்க. நனையறீங்க."

லினெட் சமையலறை நடுவில் வந்து நின்றாள். சுவரில் கல்யாணப் போட்டோ. ஆணியில் ரென்ஸோவின் வேலைத் தொப்பி. திறந்திருந்த கதவு வழியாக அகலமான கட்டில், நீலப் பூ விரிப்பு, இரண்டு தலையணை. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"நீங்க பிரிஞ்சு அஞ்சு வருஷம் ஆச்சுன்னு சொன்னார்."

"போன மாசம் வரைக்கும் இங்கதான் சாப்பிட்டான். ஊசி போட்டப்பல்லாம் நான்தான் சாறு வச்சுக் குடுத்தேன்."

"அவர் தானே சமைச்சுக்கறேன்னு சொன்னாருங்க. மோட்டல்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன்னு." லினெட் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் துரத்திட்டீங்கன்னு சொன்னார்."

"நானா?"

"குறட்டை தாங்க முடியலன்னு. ஒரு நாள் மழைல பெட்டியத் தூக்கி, துணியெல்லாம் படிக்கட்டுல வீசிட்டீங்கன்னு. சொல்லும்போது அழுதார். அதனாலதான் எனக்குத் தூக்கம் வரலன்னு சொல்லவே நான் பயந்தேன். இவளும் துரத்திடுவான்னு நினைச்சுடுவாரேன்னு ராவோட ராவா எழுந்து போய் மேசை மேல படுத்துப்பேன். அவரா கண்டுபிடிச்சுத்தான் டாக்டர்கிட்ட போனார். எனக்காக யாரும் இப்படிப் பண்ணதில்லங்க."

ஒர்னெல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள். லினெட் என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பு மேடையில் இருந்த துண்டை எடுத்து நீட்டினாள்.

"எனக்காகவும் யாரும் இப்படிப் பண்ணதில்ல" என்றாள் ஒர்னெல்லா.

துணிப்பெட்டி மூலையில் தயாராக இருந்தது. எல்லாச் சட்டையும் ஒர்னெல்லாவே இஸ்திரி போட்டு மடித்து வைத்தது. லினெட் அதைத் தொடவில்லை. போகட்டும், எதையும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒர்னெல்லா ஒரு கணம் நினைத்தாள். கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவள், அவளே பட்டுக்கொள்ளட்டும். ஆனால் எதிரே நின்றவளின் கண்ணுக்குக் கீழே கறுப்பு இன்னும் மாறவில்லை.

"இப்ப நல்லாத் தூங்கறீங்களா?"

"சத்தமே இல்லங்க. கொழந்த மாதிரி தூங்கறார்."

"அது தூக்கம் இல்ல. நடுநடுவுல மூச்சு நிக்குது. சத்தம்தான் போயிருக்கு, அது போகல. டாக்டர் நீங்கன்னு நினைச்சு எங்கிட்ட சொன்னார். நெஞ்சப் பாக்கணும். அசையலன்னா திருப்பி விடணும். ஒயர் மாட்டி மறுபடி டெஸ்ட் எடுக்கணும். லாரி ஓட்டறவன்."

"எல்லாம் சரியாயிடுச்சுன்னு டாக்டரே கைகுடுத்து அனுப்பினார்னு சொன்னாரே!"

"சொல்லியிருப்பான்."

"நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?"

"எனக்குச் சத்தம் இருந்துச்சு. நின்னா தூக்கத்துலயே தெரியும். உங்களுக்கு அதயும் இல்லாமப் பண்ணிட்டான். நீங்க முழிச்சிருந்துதான் பாக்கணும்."

லினெட் ஒர்னெல்லாவின் கையிலிருந்த துண்டை வாங்கினாள். அதை மடித்து மேடையில் வைத்தாள். "இத எங்கிட்ட நீங்க சொல்லியே இருக்க வேண்டியதில்ல. இருந்தும் சொன்னீங்க" என்றாள். பெட்டியை எடுக்காமலே படியிறங்கினாள்.

வேனுக்குள் பேச்சு நடந்தது. மழையில் ஒன்றும் கேட்கவில்லை. லினெட்டின் கை ஆடுவது தெரிந்தது, ரென்ஸோவின் தலை குனிவது தெரிந்தது. பிறகு அந்தப் பக்கக் கதவு திறந்தது. அவன் இறங்கினான். அவன் கதவைச் சாத்துவதற்குள்ளாகவே வேன் பின்னால் நகர்ந்து, திரும்பி, நெடுஞ்சாலைப் பக்கம் போய்விட்டது. ரென்ஸோ கொஞ்சநேரம் போன திசையையே பார்த்துவிட்டுப் படிக்குக் கீழே வந்து நின்றான்.

"என்ன சொன்ன அவகிட்ட?" மூக்கால் பேசுவது போலக் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"டாக்டர் சொன்னதச் சொன்னேன்."

"டெஸ்ட் எடுத்துட்டு, இன்னும் என்னென்ன பொய் சொன்னியோ எல்லாத்தையும் ஒத்துக்கறதுன்னா வா, இல்லன்னா வராதேன்னு இறக்கி விட்டுட்டா." முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்துவிட்டு அண்ணாந்து பார்த்தான். "ஒர்னெல்லா. இன்னிக்கு ஒரு நாள் மட்டும். வராந்தாலயே கிடந்துக்கறேன். உனக்குத் தொந்தரவே இருக்காது. இப்பத்தான் சத்தமே இல்லியே."

அவள் உள்ளே போனாள். ரென்ஸோ முதல் படியில் கால் வைத்தான். துணிப்பெட்டியோடு அவள் திரும்பி வந்தபோது மூன்றாவது படியில் இருந்தான்.

"குறட்டை விட்டேன்னு உன்ன நான் துரத்திட்டேனாமே" என்றாள். "துணியெல்லாம் படிக்கட்டுல வீசினேனாமே."

"அது வந்து, நான் சும்மா ஒரு பேச்சுக்கு..."

"பரவால்ல. அவகிட்ட நீ சொன்னதுல ஒண்ணாவது உண்மையா இருக்கட்டும்."

பெட்டியின் கொக்கியைத் தள்ளி, அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தாள். மடிப்புக் கலையாத சட்டைகள் படிப்படியாகச் சரிந்து விழுந்தன, ஒன்று அவன் தோளில் மாட்டிக்கொண்டது, ஒன்று கீழே சேற்றில் விரிந்தது. ரென்ஸோ அவளைப் பார்த்தான். பிறகு குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான். அவற்றை எப்படி மடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. சுருட்டிச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். ஒர்னெல்லாவின் கால், பழக்கத்தில், ஒரு படி இறங்கிவிட்டது. அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"போ" என்றாள்.